மின்தடையில் பயணி யார் கணக்கில்?

2020 ஜூன் 3 பிற்பகலில் ‘நிசர்கா’ புயல் அலிபாகுக்குத் தெற்கே ராய்கட் மாவட்டக் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல் வீசிய காற்று கரையோடு ஓய்ந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, வலு குறைந்த நிலையில் புணே மாவட்டத்துக்குள்ளும் புகுந்தது. மாவள், முள்சி, அம்பேகாவ், ஜுன்னர் வட்டங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பூ வளர்க்கும் பசுமைக்குடில்கள் கிழிந்தன. புணே நகரத்திலும் பல பகுதிகள் இருண்டன. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளே, கடல்மட்டத்துக்கு மேல் 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் புணே. நாட்டின் அன்றாட வானிலைப் பணியின் முக்கிய அலுவலகங்களில் ஒன்று அதன் சிவாஜி நகரில் 1928 முதல் இயங்கிவருகிறது. ஆனாலும் புயலால் விளக்கு அணையும் என்பது அந்த நகரத்தின் வழக்கமான கவலைகளில் இருந்ததில்லை.

அன்று புணேயில் வெளியூர்ப் பயணிகள் மிகக் குறைவு. கரோனா பொதுமுடக்கம் முழுமையாக விலகாத நாள்கள் அவை. விடுதிகள் மூடிக் கிடந்தன. மாநிலங்களுக்கு இடையே பேருந்துகள் ஓடவில்லை. ஜூன் 1 முதல்தான் நாடு முழுவதும் 200 சிறப்பு ரயில்கள் இயங்கத் தொடங்கியிருந்தன. நிசர்கா மின்கட்டமைப்பைச் சோதித்தது. பயணிகளைக் காக்கும் ஏற்பாட்டைச் சோதிக்கவே இல்லை. அதே புயல் இன்னோர் ஆண்டின் ஜூனில், கோடை விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தோடு வந்திருந்தால், ரயில் நிலையத்திலும் ஸ்வார்கேட் பேருந்து நிலையத்திலும் மலைப்பாதையிலும் ஆயிரக்கணக்கானோர் இருட்டில் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் வீடும் இல்லை, மின் இணைப்பு எண்ணும் இல்லை. பேரிடர்க் கணக்கில் அவர்கள் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. அந்த விடுபடல் எங்கே நேர்கிறது, அதைப் பயணியும் அரசும் எப்படிச் சரிசெய்யலாம் என்பதே இங்கே கேள்வி.

இருவகை இருள்

பரந்த மின்தடை இருவகைப்படும். ஒன்று, மேலே நிகழும் துண்டிப்பு. 2020 அக்டோபர் 12 காலை மும்பையில் நடந்தது இவ்வகை. நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்தப் பாதைகள் அடுத்தடுத்து துண்டிக்கப்பட, புறநகர் ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்றன. 2022 பிப்ரவரி 9 அதிகாலையில் பனிமூட்டத்தால் லோணிகண்ட் பகுதி உயரழுத்தப் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது புணே, பிம்ப்ரி - சிஞ்ச்வட் நகரங்களும் இருண்டன. இத்தகைய தடை பரந்தது, ஆனால் நீளாதது. உடைந்த பொருள் குறைவு என்பதால் சில மணி நேரத்தில் படிப்படியாக மின்சாரம் திரும்பிவிடும்.

மற்றது புயல் தரும் இருள். 220, 400 கிலோவோல்ட் பாதைகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்கள் பெரும்பாலும் காற்றைத் தாங்கிக்கொள்ளும். துணைமின்நிலையத்திலிருந்து தெருவுக்கு வரும் 11, 22 கிலோவோல்ட் பாதைகளும், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிகளும்தான் நொறுங்கும். சாலையோர மரத்தின் ஒரு கிளை போதும். சேதம் ஓரிடத்தில் குவியாமல் நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் போக வேண்டும். போவதற்கு முன் சாலையில் கிடக்கும் மரத்தை அறுக்க வேண்டும். நிசர்காவுக்குப் பிறகு ராய்கட், ரத்னகிரி மாவட்டங்களின் கடலோரச் சிற்றூர்கள் சில வாரக்கணக்கில் இருளில் இருந்ததற்கு இதுவே காரணம்.

சீரமைப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணைமின்நிலையங்கள், பிறகு மருத்துவமனை, குடிநீரேற்று நிலையம், தொலைத்தொடர்பு நிலையங்களுக்குச் செல்லும் பாதைகள், பிறகு அதிக இணைப்புகள் கொண்ட ஃபீடர்கள் எனப்படும் மின்பாதைகள், கடைசியாகத் தெருமுனைப் பழுதுகளும் தனி வீட்டு இணைப்புகளும். புயல் நெருங்கும்போது மின்சாரம் வேண்டுமென்றே நிறுத்தப்படுவதும் உண்டு. அறுந்து விழும் கம்பி உயிரோடு இருந்தால் அடியில் நடப்பவர் உயிர் போகும். மீண்டும் மின்சாரம் வரும்போதும் ஒரே மூச்சில் நிலைப்பதில்லை. மறைந்திருக்கும் பழுது ஒவ்வொன்றும் பாதையை மறுபடி துண்டிக்கும். இரண்டு நிமிடம் வந்து போகும் விளக்கைக் கண்டு பயணத் திட்டம் போடுவது ஆபத்து.

புணேயில் இன்னும் இரு வகைகளையும் பிரித்தறிய வேண்டும். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதற்கு அங்கே பெரும்பாலும் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுப்பார்கள். குடிநீர்க் குழாய்ப் பணிகளுக்கும் அதே நாள்தான். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியோடு கொட்டும் கோடைமழை, மரக்கிளைகளை முறித்துத் தெருவுக்குத் தெரு கரண்ட்டை நிறுத்துவதும் வழக்கம். முன்னது மாலைக்குள் முடியும். பின்னது பெரும்பாலும் இரவுக்குள் சரியாகும். வட்டம் வட்டமாகக் கம்பங்கள் சாய்ந்தால் கணக்கு நாள்களுக்கு மாறிவிடுகிறது. தங்குவதா, கிளம்புவதா என்று பயணி முடிவெடுக்க, இவற்றில் நேர்ந்திருப்பது எது என்று தெரிய வேண்டும்.

மின்சாரத்தோடு போகும் மற்றவை

மின்சாரம் நின்ற முதல் மணி நேரத்தில் விளக்கும் மின்விசிறியும்தான் போகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் போவதே பயணியைத் தாக்குகிறது. முதலில் தொலைபேசி. டவர்கள் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் கொண்டுபோகச் சாலை திறந்திருக்க வேண்டும். ஒரு டவர் அணைந்தால் அதன் கூட்டம் முழுவதும் அடுத்த டவரில் ஏறும். சிக்னல் தேடித் தேடியே கைப்பேசியின் சார்ஜ் வழக்கத்தைவிட வேகமாகத் தீரும்.

அடுத்து பணம். யுபிஐ மூலம் 20 ரூபாய் தேநீருக்குப் பணம் செலுத்தவும் வாங்குபவரின் போன், டவர், வங்கிக் கணினி, கடைக்காரரின் போன் என நான்கும் உயிரோடு இருந்தாக வேண்டும். ஏ.டி.எம்.மும் கார்டு இயந்திரமும் இதே சங்கிலியில் தொங்குபவை. கைப்பேசியைத் தட்டிக் கூப்பிடும் டாக்சி, ஆட்டோ, அறை முன்பதிவு, வரைபடம், ரயில் நிலவரம், பயணச்சீட்டு எல்லாம் அதே சாதனத்துக்குள்தான் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் இவை காகிதமாகவும் பணமாகவும் மனப்பாடமான எண்களாகவும் தனித்தனியே இருந்தன. ஒன்று தொலைந்தால் மற்றது கைகொடுத்தது. இப்போது ஒரு பேட்டரி தீர்ந்தால் அனைத்தும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

மூன்றாவது தண்ணீர். புணேயின் குடிநீர் கடக்வாஸ்லா அணையிலிருந்து வந்து, பர்வதி போன்ற நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு மின்மோட்டார்களால் ஏற்றப்படுகிறது. அங்கே மின்தடை என்றால் நகரத்தின் குழாய்களில் வரத்து குறையும். அடுக்குமாடி விடுதிகளில் தரைத்தொட்டி நிறைந்திருந்தாலும் மாடித்தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓடாது. உள்ளூர்க்காரர் வீட்டுக் குடத்திலும் வாளியிலும் பிடித்து வைத்திருப்பார். விடுதி அறையில் இருப்பது ஒரு பாட்டில் தண்ணீர்.

லிஃப்ட், பெட்ரோல் பங்க், போக்குவரத்து சிக்னல் ஆகியவையும் வரிசையில் நிற்கின்றன. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் எண்ணெய் இருந்தாலும் அதை மேலே இழுக்க மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் உள்ள பங்க்குகளில் வரிசை நீளும். மின்வாகனங்கள் பெருகிவரும் புணேயில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. நகரப் பேருந்துகளில் மின்பேருந்துகள் 2019 முதல் ஓடுகின்றன. மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் மின்பேருந்து 2022 ஜூன் 1 அன்று புணேக்கும் அகமத்நகருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. நீண்ட மின்தடையில் எந்தத் தடங்களில் டீசல் வண்டி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது இனி அவசியம்.

மலைப்பாதையில் ரயில்

தமிழகத்திலிருந்து புணே வழியாக மும்பை செல்லும் ரயில்கள் லோணாவளாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையே போர் காட் மலைப்பாதையில் இறங்குகின்றன. எதிர்த்திசையில் ஏறும் ரயில்களுக்குக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின்கள் சேர்க்கப்படுகின்றன. ஏற்றம் 37 அடிக்கு ஓர் அடி. அங்கே மேல்நிலைக் கம்பி அறுந்தால் வண்டி எங்கே நிற்கும் என்பது பயணியின் கையில் இல்லை.

ஊருக்குக் கரண்ட் இல்லை என்பதால் ரயிலும் ஓடாது என்று நினைக்க வேண்டியதில்லை. மின்பாதையில் ஓடும் ரயில்களுக்கு வேண்டிய 25 கிலோவோல்ட் மின்சாரம், ரயில்வேயின் தனித் துணைமின்நிலையங்கள் மூலம் உயரழுத்தக் கட்டமைப்பிலிருந்து நேரடியாக எடுக்கப்படுகிறது. தெருவிளக்கு எரியாத ஊரின் வழியே ரயில் போகலாம். மறுபுறம், ஊரில் மின்சாரம் இருந்தும் தண்டவாளத்தின் மேல் ஒரு மரம் சாய்ந்தால் ரயில் நின்றுவிடும். பெட்டிக்குள் இருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய வகைப் பெட்டிகள் சக்கரச் சுழற்சியில் மின்சாரம் எடுத்துப் பேட்டரியில் சேமிப்பவை. வண்டி நெடுநேரம் நின்றால் பேட்டரி இறங்கும். புதிய எல்.எச்.பி. பெட்டிகள் பலவற்றுக்கு மேல்நிலைக் கம்பியிலிருந்து இன்ஜின் வழியே மின்சாரம் வருகிறது. கம்பி செத்தால் ஜெனரேட்டர் பெட்டியை நம்ப வேண்டும். நின்றுபோன ரயிலில் முதலில் சேமிக்க வேண்டியது போன் சார்ஜும் குடிநீரும்.

இதே தடத்தில் 2019 ஜூலையில் ஒரு பாடம் கிடைத்தது. 26ஆம் தேதி இரவு மும்பையிலிருந்து புணே வழியாகக் கோலாப்பூருக்குப் புறப்பட்ட மஹாலக்ஷ்மி விரைவு ரயில், பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே உல்ஹாஸ் ஆற்று வெள்ளத்தில் சிக்கியது. ஏறத்தாழ 1,050 பயணிகள் இரவு முழுவதும் பெட்டிக்குள் இருந்தார்கள். மறுநாள் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் படகுகளில் வந்து மீட்டன. இறங்கி நடந்துவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பாமல் பெட்டியிலேயே இருந்ததுதான் அவர்களைக் காத்தது. ரயில்வேயும் அதையே திரும்பத் திரும்ப அறிவுறுத்தியது.

தமிழகத்தின் அனுபவம்

புயலிருட்டைத் தமிழகம் அடிக்கடி கண்டிருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ கடலூரையும், 2016 டிசம்பர் 12இல் ‘வர்தா’ சென்னையையும், 2018 நவம்பர் 16இல் ‘கஜா’ டெல்டாவையும் தாக்கின. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வர வாரங்கள் ஆயின. பயணிகளின் கோணத்திலிருந்து பார்த்தால் வர்தாவே கூடுதலாகக் கற்பிக்கிறது. உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாது என்ற நவம்பர் 8 அறிவிப்புக்குப் பின் ஐந்தே வாரத்தில் அந்தப் புயல் வந்தது. கையில் நோட்டு இல்லாத நேரம் அது; கார்டில் கொடுக்கலாம் என்றால் இயந்திரத்துக்கு மின்சாரமும் இணைப்பும் இல்லை. விமான நிலையம் மூடப்பட்டது. புறநகர் ரயில்கள் நின்றன. மின்னணுப் பணம் ஒன்றையே நம்பிய பயணி எப்படி முடங்குவார் என்பதை அந்த நாள்கள் காட்டின. சென்னையின் மையப்பகுதிகளில் புதைவடங்கள் இருந்ததால் மின்சாரம் விரைந்து திரும்பியது. கம்பத்தில் கம்பி ஓடிய புறநகர்கள் நாள்கணக்கில் காத்திருந்தன.

2023 டிசம்பர் 17 இரவு நடந்தது புயலால் அல்ல, தென்மாவட்டப் பெருமழையால். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் செல்லும் பாதையில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. சுமார் 800 பயணிகளில் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்கள் நிலையத்திலும் ரயிலிலுமாக 19ஆம் தேதி வரை சிக்கியிருந்தார்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் முடங்கிய நிலையில், அரசு உதவி வந்து சேர்வதற்கு முன்பே அக்கம்பக்கக் கிராமத்தினர் தம்மிடம் இருந்த அரிசியைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது மக்களின் பண்பு. ஆனால் 800 பேரின் இரண்டு நாள் உணவு ஒரு சிற்றூரின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பியிருக்கும் நிலையை நிர்வாகம் ஏற்பாடாகக் கருதிவிட முடியாது.

வெளிநாடுகளிலும் இதுதான் நிலை. 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டன. அதற்குக் காரணம் புயல் அல்ல. ஸ்பெயினில் மட்டும் நடுவழியில் நின்ற ரயில்களிலிருந்து ஏறத்தாழ 35,000 பயணிகளை மீட்க வேண்டியிருந்தது. வசதியான நாட்டிலும் அன்று மதிப்புப் பெற்றவை கையிலிருந்த நாணயமும் பேட்டரியில் ஓடும் வானொலியும்தான்.

பயணியின் தயாரிப்பு

ஜூன் முதல் செப்டம்பர் வரை புணேக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கரைக்கும் செல்பவர், மின்சாரம் இல்லாமல் இரண்டு நாள் சமாளிக்கும் அளவுக்குப் பையைத் தயார்செய்துகொள்வது நல்லது. முதலாவது பணம்: இரண்டு நாள் உணவுக்கும் தங்குவதற்கும் ஒரு பேருந்துப் பயணத்துக்கும் போதுமான நோட்டுகள், அவற்றில் பெரும்பகுதி 50, 100 ரூபாயாக. இருட்டில் எந்தக் கடையிலும் 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காது. யுபிஐ லைட்டில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு ஒருமுறைக்கு 1,000 ரூபாய் வரை செலுத்தலாம். இணையம் தடுமாறினாலும் டவர் இருந்தால் *99# வழியும் சாதாரண போன்களுக்கான யுபிஐ சேவையும் உதவக்கூடும். டவரே இல்லாதபோது நோட்டுக்கு மாற்று இல்லை.

இரண்டாவது, சார்ஜ். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்று எழுதியிருந்தாலும் மாற்றத்தில் மூன்றிலொரு பங்கு வீணாகும், 5,000 எம்.ஏ.எச். போனை அது ஒருமுறை முழுதும் மறுமுறை ஓரளவும் நிரப்பும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ரயிலில் இரவு 11 முதல் அதிகாலை 5 வரை சார்ஜ் முனைகளை நிறுத்திவைக்கும் நடைமுறை இருப்பதால், மாலையிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. சிக்னல் இல்லாத இடத்தில் போனை விமானப் பயன்முறையில் வைத்து, மணிக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் திறந்தால் சார்ஜ் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அழைப்பு போகாத நெரிசலிலும் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். இருக்கும் இடம், தங்கும் இடம், அடுத்த செய்தி எப்போது என்ற மூன்றையும் ஒரே செய்தியில் வீட்டாருக்கு அனுப்பிவிட்டால் இருபக்கமும் வீண் அழைப்புகள் குறையும். கைவிளக்கு தனியாக இருக்க வேண்டும். போனையே விளக்காக்குவது வீண்செலவு.

மூன்றாவது காகிதம். விடுதி முகவரி, இரண்டு உறவினர் எண்கள், பயண எண், ரத்த வகை, மருந்துப் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அசல் அடையாள அட்டையும் உடன் இருக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர் பதற வேண்டியதில்லை: பயன்பாட்டில் உள்ள குப்பியைச் சுமார் 28 நாள் சாதாரண அறை வெப்பத்தில் வைக்கலாம், திறக்காத குப்பிகளை மட்டும் குளிர்ச்சியில் காக்க வேண்டும். மூச்சுக் கருவியோ ஆக்சிஜன் செறிவூட்டியோ பயன்படுத்துபவர், புயல் எச்சரிக்கை இருக்கும்போது ஜெனரேட்டர் உள்ள விடுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் விளக்கை எரிக்கும். தண்ணீர் மோட்டாரையும் லிஃப்ட்டையும் ஓட்டாது. அறை கேட்கும்போதே ஜெனரேட்டர் இருக்கிறதா, எதற்கெல்லாம் ஓடும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மின்சாரம் போன உடனே செய்ய வேண்டியவை சில: குழாயில் வரத்து இருக்கும்போதே வாளியை நிரப்புவது, படிக்கட்டைப் பயன்படுத்துவது, மேல்மாடி அறையிலிருந்து முடிந்தால் கீழ்த்தளத்துக்கு மாறுவது, மூடிய அறையில் மெழுகுவர்த்தியை எரியவிட்டுத் தூங்காமலிருப்பது. ஜெனரேட்டர் புகை வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தவேண்டும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, கொல்லக்கூடியது.

சாலையில் இன்னும் கவனம் வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியை உயிருள்ளதாகவே கருதி, குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தேங்கிய நீர் அதைத் தொட்டிருந்தால் இன்னும் விலக வேண்டும். வாகனத்தின் மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருப்பது பாதுகாப்பு. தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டுமென்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி விலக வேண்டும். சிக்னல் அணைந்த சந்திப்பில் எல்லாத் திசையினரும் நின்று போவதே முறை. தாம்ஹிணி, வரந்தா, மால்சேஜ் போன்ற மலைப்பாதைகளை விளக்கும் டவரும் இல்லாத மழையிரவில் தவிர்த்துவிட வேண்டும். மண்சரிவு நேர்ந்தால் செய்தி சொல்லக்கூட வழி இருக்காது.

தங்குவதா கிளம்புவதா என்ற கேள்விக்குப் பொதுவிதி ஒன்று சொல்லலாம். தங்குமிடத்தில் தண்ணீரும் உணவும் இருந்தால் முதல் நாள் நகராதிருப்பது மேல். சாலையில் விழுந்த மரங்களும் கம்பிகளும் அகற்றப்படும் நேரம் அது. மறுநாளும் தண்ணீர் இல்லை என்றால், பகல் வெளிச்சத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிக்கோ பாதிப்பில்லாத பெரிய ஊருக்கோ நகர வேண்டும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிப் பயணம் செய்யாவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பப் பெறலாம். ஆனால் வண்டி புறப்படுவதற்கு முன் அதற்குரிய கோரிக்கையைப் பதிய வேண்டும். விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைக் கேட்கலாம். வானிலை காரணமென்றால் இழப்பீடு கிடையாது. அவசரத்துக்கு 112, ரயில் தகவலுக்கு 139, மின் புகாருக்கு 1912 ஆகியவை நாடெங்கும் பொதுவான எண்கள்.

நிர்வாகத்தின் கடமை

பயணியின் தயாரிப்பு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். மின்துறையின் விதிகள் நுகர்வோரை மையமாக்கி எழுதப்பட்டவை. 2020 மின்நுகர்வோர் உரிமை விதிகள் சேவைக் குறைபாட்டுக்குத் தானியங்கி இழப்பீடு பற்றிப் பேசுகின்றன; அவை இணைப்பு உள்ளவருக்கானவை. மஹாராஷ்டிரத்தின் மின்பகிர்மான நிறுவனமான மஹாவிதரண், புகாரைப் பதியும்போது 12 இலக்க நுகர்வோர் எண்ணைக் கேட்கிறது; தடை பற்றிய குறுஞ்செய்தி பதிவான கைப்பேசிக்கே போகிறது. பேருந்து நிலையத்தில் நிற்கும் மதுரைக்காரருக்கு அந்த எண்ணும் இல்லை, எந்த ஃபீடர் என்றும் தெரியாது.

முதல் திருத்தம் மாவட்டத் திட்டத்தில் தொடங்க வேண்டும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர்த் திட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. அதில் பயணிகளைத் தனிப் பிரிவாகக் கணக்கிட்டு, புணே ரயில் நிலையம், ஸ்வார்கேட், லோகேகாவ் விமான நிலையம், லோணாவளா போன்ற இடங்களை ஒளி அணையாத மையங்களாக அறிவிக்கலாம். விளக்கு, குடிநீர், கழிப்பறை, சார்ஜ் முனைகள், இரவு தங்க ஒரு கூடம் ஆகியவை ஜெனரேட்டரில் மூன்று நாள் இயங்கும் அளவுக்கு ஏற்பாடு செய்வது பெருஞ்செலவு அல்ல. சீரமைப்பு வரிசையில் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் அடுத்த இடத்தை இந்த மையங்களின் ஃபீடர்களுக்குத் தர வேண்டும்.

இரண்டாவது, தகவல். எண்ணைப் பார்த்து அனுப்பும் செய்தி பயணியை அடையாது. இடத்தைப் பார்த்து அனுப்பும் செய்திதான் அடையும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் 2023இல் சோதித்த செல் ஒளிபரப்பு முறை இத்தகையது: குறிப்பிட்ட டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும், எந்த மாநில எண்ணாக இருந்தாலும், எச்சரிக்கை ஒலிக்கும். புயலுக்கு முந்தைய எச்சரிக்கையோடு இதை நிறுத்தாமல், மின்சாரம் எப்போது திரும்பக்கூடும், எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதையும் அனுப்ப வேண்டும். ஒரு நிறுவனத்தின் டவர் அணைந்தால் மற்றதன் டவரைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஏற்பாடு அண்மைப் புயல்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. எச்சரிக்கை வெளியானவுடன் அது தானாகவே தொடங்க வேண்டும். போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்று மத்திய மின்னணுத் துறை 2023இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியதும் இந்த நோக்கத்தில்தான். அறிவிப்பின் மொழியும் முக்கியம். புணே நிலையத்தில் மராத்தியோடு இந்தியும் ஆங்கிலமும் இருப்பது போல, வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த திருப்பூரிலும் சென்னையிலும் தமிழோடு இந்தியும் வங்காளமும் ஒலிக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டமைப்பு. உலக வங்கி உதவியோடு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் மின்கம்பிகளைப் புதைவடமாக்கும் பணி எடுக்கப்பட்டது. மஹாராஷ்டிரத்தில் அலிபாகும் அத்தகைய திட்டத்தில் இடம்பெற்றது. இவற்றில் வேளாங்கண்ணி யாத்திரைத் தலம். அலிபாக் விடுமுறை நகரம். பயணிகள் கூடும் ஊர்களுக்குப் புதைவடம் முன்னுரிமை பெறலாம் என்பதற்கு இவை முன்மாதிரி. புதைவடம் மேல்கம்பியைவிடப் பலமடங்கு செலவு பிடிப்பது. நீர் புகுந்தால் பழுதைக் கண்டுபிடிப்பதும் கடினம். எல்லா இடத்துக்கும் அது சாத்தியமில்லை. குறைந்த செலவில் உடனே செய்யக்கூடியது மே மாதத்துக்குள் கிளைகளை வெட்டி முடிப்பதும், நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லும் பாதைகளை மட்டுமாவது புதைப்பதும்.

நான்காவது, விடுதிகளின் பொறுப்பு. உரிமம் வழங்கும்போது தீயணைப்பு ஏற்பாட்டைக் கேட்பது போல, ஜெனரேட்டர், நீர் இருப்பு, இருட்டில் வழிகாட்டும் பேட்டரி விளக்கு ஆகியவற்றையும் கேட்கலாம். ஜெனரேட்டரை இணைக்கும் இடத்தில் மாற்றுச் சுவிட்ச் இருப்பதை உறுதிசெய்வது அதிலும் முக்கியம். அது இல்லாவிட்டால் விடுதியின் மின்சாரம் பின்வழியாகத் தெருக்கம்பியில் ஏறி, மறுமுனையில் கம்பத்தின் மேல் வேலைசெய்யும் லைன்மேனைக் கொல்லும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்டத் திட்டம் ஏற்கெனவே சட்டப்படி கட்டாயம்; ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் மின்நிறுவனமும் அரசின் கைகளில்தான் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை கம்பங்கள் கையிருப்பில் உள்ளன, எத்தனை படகுகள் தயார் என்று கேட்கிறார்கள். இன்றிரவு மின்சாரம் நின்றால் மாவட்டத்தில் எத்தனை வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள், அவர்களை எங்கே தங்கவைப்பது என்ற கேள்வியையும் மாவட்ட ஆட்சியர் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.